பழைய மர்மத் தொடர்களும் ஹாலிவுட் படங்களும்: டிவியைச் சரிசெய்வது முதல் எதோடு எதைப் பார்ப்பது வரை

கேள்வி இதுதான்: "வீட்டில் புதிதாக 55 இன்ச் டிவி வாங்கியிருக்கிறோம். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து கொலம்போ, பெரி மேசன், ஹிட்ச்காக் காலத்துப் படங்கள் எல்லாம் பார்க்க ஆசை. ஆனால் ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள், படம் மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வசனமும் சரியாகப் பிடிபடவில்லை. எதைச் சரிசெய்வது, எதிலிருந்து தொடங்குவது?"

இதில் இரண்டு வேலை இருக்கிறது. புது டிவி தானாகவே செய்யும் "அழகுபடுத்தல்"களை நிறுத்துவது முதல் வேலை. பொறுமையாக உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது, தொடரைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பார்க்காமல் ஜோடி சேர்த்துப் பார்ப்பது. 1950-களின் நடுவிலிருந்து 80-கள் வரை வந்த அமெரிக்க மர்மத் தொடர்களைப் பழைய ஹாலிவுட்டின் பின்பாதி என்றே சொல்லலாம். ஸ்டூடியோக்கள் அதே, 35 எம்எம் பிலிம் அதே, வயது கூடிய நட்சத்திரங்களும் அதே. அந்த உறவு தெரிந்து பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் ருசி வேறு.

முதலில் படத்தின் வடிவம், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேதான். 1932 முதல் 1953 வரை வந்த ஹாலிவுட் படங்களில் பெரும்பாலானவை 1.37-க்கு 1 என்ற கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. கொலம்போ (போலீஸ் துப்பறிவாளர் தொடர்), பெரி மேசன் (வக்கீல் தொடர்), 'மர்டர் ஷீ ரோட்' எல்லாம் 4:3 திரைக்கானவை. உங்கள் டிவியோ 16:9. ஆக, இடமும் வலமும் கறுப்புப் பட்டை வந்தே தீரும். 55 இன்ச் டிவியில் 4:3 படம் 45 இன்ச் டிவி அளவுக்குத்தான் இருக்கும். வீட்டில் யாராவது "காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே" என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பட்டையை நிரப்ப இரண்டே வழி: பக்கவாட்டில் இழுப்பது, அல்லது பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டுவது. இழுத்தால் முகம் பரந்துபோகும். வெட்டினால் படத்தின் கால் பங்கு போய்விடும். கொலம்போ குனிந்து தரையில் எதையோ எடுக்கும் காட்சியில் அவர் எடுக்கும் பொருளே காணாமல் போனால் துப்பறியும் கதையில் என்ன மிஞ்சும்?

படம் இழுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க முகத்தை நம்ப வேண்டாம், கண் சீக்கிரம் பழகிவிடும். வட்டமான பொருளைப் பாருங்கள். சுவர்க்கடிகாரமோ கார் சக்கரமோ இசைத்தட்டோ முட்டை வடிவில் தெரிந்தால் இழுப்பு இருக்கிறது. டிவியின் 'பிக்சர் சைஸ்' மெனுவில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' தேர்ந்தெடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கோளாறு பிளேயரில் இருக்கும். எச்டிஎம்ஐ வழியாக 1080 தரத்துக்கு ஏற்றி அனுப்பும் டிவிடி பிளேயர்களில் பல, 4:3 படத்தையும் 16:9 ஆக இழுத்தே அனுப்புகின்றன. அதன் செட்டப் மெனுவில் டிவி வகை 16:9 என்றே இருக்கட்டும். அதற்குக் கீழே 'ஸ்க்ரீன் ஃபார்மட்' என்றோ '4:3 வீடியோ அவுட்புட்' என்றோ இருப்பதை 'நார்மல்' அல்லது 'ஒரிஜினல்' ஆக்குங்கள். சில சமயம் ஓடிடியில் வரும் எச்டி பிரதியையே 16:9-க்கு வெட்டித் தயாரித்திருப்பார்கள். நெற்றி வெட்டுப்பட்ட முகங்கள் வரிசையாக வந்தால் அதுதான். அதற்கு ரிமோட்டில் மருந்து கிடையாது, வேறு பிரதிதான் தேட வேண்டும்.

1953-க்குப் பிறகு எல்லாம் மாறிவிடுகிறது. டிவி தங்கள் கூட்டத்தை இழுத்துக்கொள்கிறது என்று பயந்த ஸ்டூடியோக்கள் அகலத் திரைக்குப் போயின. அந்த ஆண்டு செப்டம்பரில் 'த ரோப்' சினிமாஸ்கோப்பில் வந்தது. ஆகவே 1954-இன் 'ரியர் விண்டோ' பக்கவாட்டில் மெல்லிய பட்டையோடும், சினிமாஸ்கோப் படங்கள் மேலும் கீழும் தடித்த பட்டையோடும் வருவது இயல்பு. பட்டை எங்கே வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது அந்த வழுக்கல். சினிமா பிலிம் நொடிக்கு 24 படங்கள். டிவி அவற்றுக்கு நடுவே தானாகக் கற்பனைப் படங்களைச் செருகி 60 ஆகவோ 120 ஆகவோ ஆக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது. பழைய ஹாலிவுட் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு அது விஷம். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழைய மாடலில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்') என்று பெயர். முழுவதுமாக அணைத்துவிடுங்கள். 2019-க்குப் பிறகு வந்த பல டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருக்கும். அதை ஒரு தடவை அழுத்தினால் இதுவும் இன்னும் பல தொல்லைகளும் சேர்ந்தே அணைந்துவிடும். இல்லாவிட்டால் 'சினிமா' மோட். 'விவிட்' பக்கமே போகாதீர்கள். ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பல டிவிகளில் இந்த செட்டிங்ஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். எச்டிஎம்ஐ 1-இல் சரிசெய்துவிட்டு டிவிக்குள் இருக்கும் ஆப்பில் படம் போட்டால் பழைய கோலம்தான் வரும். எதில் எல்லாம் பார்ப்பீர்களோ அதில் எல்லாம் ஒரு தடவை போய் மாற்றுங்கள். ப்ளூ-ரே பிளேயரில் '24பி அவுட்புட்', ஃபயர் டிவி ஸ்டிக்கில் 'மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்' இரண்டையும் போட்டுவிட்டால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது வரும் தடுக்கலும் குறையும்.

இனி ஒளியும் இருட்டும். சரிபார்க்க நல்ல படம் பில்லி வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' (1944). இன்ஷூரன்ஸ் விற்பவராக வரும் ஃப்ரெட் மெக்மரி முதன்முதலாக டீட்ரிக்சன் வீட்டுக்குள் நுழையும் காட்சியில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஜன்னல் மறைப்பின் வழியாக வெயில் கோடு கோடாக அறைக்குள் விழுகிறது. அந்த ஒளியில் தூசு மிதக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் இதற்காகப் புகையோடு அலுமினியத் தூளைப் பயன்படுத்தினார். அந்த வீட்டின் அழுக்கை, அங்கே நடக்கப்போவதன் அழுக்கை, வசனம் தொடங்கும் முன்பே அந்தத் தூசு சொல்லிவிடுகிறது. உங்கள் டிவியில் தூசு தெரியாமல் ஒளிக்கோடுகள் மட்டும் மழமழவென்று தெரிந்தால் 'நாய்ஸ் ரிடக்ஷன்' ஓடுகிறது என்று அர்த்தம். தூசையும் பிலிமின் மணிமணியான துகளையும் அது பிரித்தறியாது, இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். 'நாய்ஸ் ரிடக்ஷன்', 'எம்பெக் நாய்ஸ் ரிடக்ஷன்' இரண்டையும் அணையுங்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' அணையட்டும். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்க வைக்கும் 'எனர்ஜி சேவிங்' அணையட்டும். 'ஷார்ப்னஸ்' எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தொப்பியின் விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிகிறதா என்று பார்த்து, அது மறையும் வரை குறைத்தால் போதும்.

கறுப்பு-வெள்ளைக்கு இன்னும் இரண்டு குறிப்பு. 'கலர் டெம்பரேச்சர்' 'வார்ம்' பக்கம் இருக்கட்டும். 'கூல்' வைத்தால் எல்லோரும் நீலம் பூத்துத் தெரிவார்கள். பழைய டிவிடிகளில் கட்டம் போட்ட கோட்டு மீது வானவில் நிறங்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய வீடியோ மாஸ்டரின் மிச்சம். டிவியில் 'கலர்' அளவைப் பூஜ்யமாக்கினால் உடனே போய்விடும். 1980-களில் டிவி சேனல் முதலாளி டெட் டர்னர் வகையறா வர்ணம் பூசி ஒளிபரப்பிய பிரதிகளையும் இதே வழியில் ஓரளவு மீட்கலாம். ஆனால் சாம்பல் நிறத்தின் நுட்பமான படிகள் முழுசாகத் திரும்பாது. 'த மால்டீஸ் ஃபால்கன்' (1941) படத்துக்கு வர்ணம் பூசியபோது அதை இயக்கிய ஜான் ஹியூஸ்டனே கடுமையாக எதிர்த்தார். அவர் கோபம் நியாயமானது. நிழலால் கதை சொன்ன படத்துக்கு வர்ணம் எதற்கு?

அறையில் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன விளக்கு வைத்தால் போதும். கண்ணும் களைக்காது, கறுப்பும் கறுப்பாகத் தெரியும். உட்காரும் தூரம் பிரதியைப் பொறுத்தது. 55 இன்ச் டிவியின் உயரம் சுமார் 68 செ.மீ. ப்ளூ-ரே என்றால் அதன் மூன்று மடங்கு, அதாவது இரண்டு மீட்டர் சரியாக இருக்கும். டிவிடி என்றால் நான்கு மீட்டர் தள்ளி உட்காருங்கள். டிவிடி "மங்கலாக இருக்கிறது" என்பவர்களில் பெரும்பாலோர் கிட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

வசனம் பிடிபடாததற்குக் காரணம் ஒலிப்பதிவு மட்டும் அல்ல. அந்தக் காலத்துப் படங்களும் தொடர்களும் மோனோ, ஒரே தடம். சவுண்ட்பார் அதை எடுத்து 'சரவுண்ட்' ஆக்கி அறை முழுவதும் தெளிக்கும்போது வசனம் கரைந்துவிடும். 'ஸ்டீரியோ' அல்லது 'ஸ்டாண்டர்ட்' மோடுக்கு மாற்றி, 'வாய்ஸ்' அல்லது 'டயலாக்' மேம்பாட்டை ஒரு படி ஏற்றுங்கள், சப்-ஊஃபரை ஒரு படி இறக்குங்கள். மெல்லிய இரைச்சல் கேட்டால் கேட்கட்டும். அதை நீக்கப் போனால் குரலின் உயிரும் சேர்ந்து போகும். பெரியவர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. 2000-களில் வந்த பல அமெரிக்கத் தொடர் டிவிடிகளில் சப்டைட்டில் இருக்காது, 'குளோஸ்டு கேப்ஷன்' என்ற பழைய முறைதான் இருக்கும். அது எச்டிஎம்ஐ கம்பியில் வரவே வராது. டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் போட்டு, சப்டைட்டில் மெனுவில் 'குளோஸ்டு கேப்ஷன்ஸ் 1' தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி வாங்கும் விஷயம். தொடர் எதில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரியும். பெரி மேசன், 'ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்', கொலம்போ எல்லாம் 35 எம்எம் பிலிமில் எடுத்தவை. நெகட்டிவிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்தால் சினிமாவுக்குச் சமமான தெளிவு கிடைக்கும். ஜெரமி பிரெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த பிரிட்டிஷ் தொடர் (1984-1994) 16 எம்எம், துகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 1970-களின் பல பிரிட்டிஷ் நாடகங்களில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் வீடியோ டேப்பிலும் வெளிக்காட்சிகள் பிலிமிலும் இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் தன்மையே மாறுவது அதனால்தான். டேப்பில் எடுத்ததை எந்த வித்தையாலும் உண்மையான எச்டி ஆக்க முடியாது. 50-களின் தொடக்கத்தில் நேரலையாகப் போன நாடகங்கள் 'கினெஸ்கோப்' முறையில், மானிட்டர் திரையையே பிலிம் கேமராவால் படம் பிடித்துப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் மங்கல் பிறவியிலேயே வந்தது.

ஓடும் நேரத்தைப் பார்ப்பது இன்னொரு சோதனை. பெரி மேசன் எபிசோட் ஒன்று 50 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். 45-க்குக் கீழே இருந்தால், மறு ஒளிபரப்பில் கூடுதல் விளம்பரம் போட வெட்டிய பிரதி. இந்த வகைக் கதையில் அது பெரிய பாதகம், ஏனென்றால் வெட்டுபவர்கள் "ஒன்றும் நடக்காத" காட்சியைத்தான் வெட்டுவார்கள், துப்பு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதும் அங்கேதான். ஆனால் ஐரோப்பிய டிவிடியில் நேரம் குறைவாக இருந்தால் அவசரப்பட்டு வெட்டு என்று முடிவு கட்டாதீர்கள். 'பால்' (PAL) என்ற அங்குள்ள டிவி முறையில் நொடிக்கு 24 படங்களை 25 ஆக ஓட்டுவார்கள். 112 நிமிட 'ரியர் விண்டோ' அங்கே 107 நிமிடச் சொச்சத்தில் முடியும். குரலும் இசையும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும், அவ்வளவே. 'சரேட்' (1963), 'டி.ஓ.ஏ.' (1950) போன்றவை அமெரிக்காவில் காப்புரிமை இல்லாமல் பொதுவுடைமையானவை. 'சரேட்' படத்தில் காப்புரிமை அறிவிப்பைச் சரியான முறையில் போடாமல் விட்டதே காரணம். அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், போட்டும் இருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை வெறும் வெளிச்சமாகவும் கறுப்புக் கோட்டு வெறும் இருட்டாகவும் தெரியும் பிரதியைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, மீட்டெடுத்த பதிப்பைத் தேடுங்கள்.

எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு ப்ளூ-ரே ஏ என்பதால் அமெரிக்க டிஸ்க்குகள் நேராக ஓடும், டிவிடி மட்டும் 3. கம்ப்யூட்டர் டிரைவில் டிவிடி மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசியாக வைத்ததில் நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் பிளேயரே வாங்கி வருவதாக இருந்தால், பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் முதல் நாளே கருகிவிடும்.

இனி விருந்துக்கு வருவோம்.

கொலம்போவை வரிசைப்படி தொடங்க வேண்டாம். 1968-இன் முதல் டிவி படத்தில் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் தலைவாரி, கொஞ்சம் விறைப்பாக இருப்பார். நாம் நேசிக்கும் அந்தக் கசங்கிய மனிதர் இன்னும் முழுதாக உருவாகவில்லை. தொடங்க வேண்டியது 1971 செப்டம்பரில் வந்த 'மர்டர் பை த புக்'. இயக்கியவர் இருபதுகளில் இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பாருங்கள். சாலையில் ஒரு கார் வருகிறது. இன்ஜின் ஒலி இல்லை, இசை இல்லை. டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும். கேமரா பின்வாங்கும்போது, உயரமான கட்டடத்தின் ஜன்னல் வழியே கீழே அந்தக் கார், உள்ளே ஓர் எழுத்தாளர் தட்டிக்கொண்டிருக்கிறார். கொலை செய்ய வருபவனும் கொலையாகப் போகிறவனும் ஒரே சட்டத்துக்குள். டைப்ரைட்டர் நிற்கும் கணம் நெஞ்சில் விழும். சவுண்ட்பார் சரியாக இருந்தால்தான் இது உறைக்கும், மேலே அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கொலம்போவில் கொலையாளி யார் என்று முதலிலேயே தெரிந்துவிடும். எப்படி மாட்டுகிறான் என்பதே கதை. தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் கண்டுபிடித்த முறை அல்ல இது. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இலேயே தலைகீழ்த் துப்பறியும் கதை எழுதினார். ஹாலிவுட்டில் 'டபுள் இண்டெம்னிட்டி'யும் அதே வழிதான், குற்றவாளி ஆபீஸில் உட்கார்ந்து வாக்குமூலம் பதிவு செய்வதில் படம் தொடங்குகிறது. அதில் எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கிளெய்ம்ஸ் அதிகாரி கீஸ், மனசுக்குள் ஏதோ இடறுவதால் தூங்க முடியாமல் தவிக்கும் மனிதர். அடுத்த நாளே கொலம்போ பார்த்தால், இருவரும் ஒரே குடும்பம் என்று தோன்றும். 'டயல் எம் ஃபார் மர்டர்' (1954) இதே வகை. அதில் மனைவியைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் ரே மிலண்ட், கொலம்போவில் இரண்டு தடவை வருகிறார்: 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்' (1971) எபிசோடில் மனைவியை இழந்த பத்திரிகை முதலாளி, 'த கிரீன்ஹவுஸ் ஜங்கிள்' (1972) எபிசோடில் ஆர்க்கிட் வளர்க்கும் சூழ்ச்சிக்காரர். படத்தை முதல் இரவும் எபிசோடை மறு இரவும் பாருங்கள். பதினேழு பதினெட்டு வருடம் ஒரு நடிகரின் முகத்தில் என்ன செய்திருக்கிறது என்பதே தனிக் கதை.

'ரியர் விண்டோ'வில் எதிர் ஜன்னலில் சந்தேகத்துக்கு ஆளாகும் விற்பனையாளர் ரேமண்ட் பர். படத்தின் பெரும்பகுதியில் அவரைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம், குரல் சரியாகக் கேட்பதே இல்லை. மூன்றே ஆண்டில், 1957 செப்டம்பரில், அவர் பெரி மேசனாக வந்து குரலாலேயே கோர்ட்டை ஆள்கிறார். 1966 வரை 271 எபிசோட். இந்த ஜோடியைத் தவறவிடாதீர்கள்.

'கேஸ்லைட்' (1944) படத்தில் திமிர் பிடித்த வேலைக்காரப் பெண்ணாக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு அதுதான் முதல் படம். படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 17, ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நாற்பது வருடம் கழித்து 'மர்டர் ஷீ ரோட்' தொடரில் அவர்தான் துப்பறியும் எழுத்தாளர் ஜெசிக்கா ஃப்ளெட்சர். அந்தத் தொடரில் ஒரு அபூர்வம் உண்டு. 1987-இல் வந்த 'த டேஸ் டுவிண்டில் டவுன்' எபிசோட், 'ஸ்ட்ரேஞ்ச் பார்கெய்ன்' என்ற 1949 படத்தின் தொடர்ச்சி. அதே நடிகர்கள் முப்பத்தெட்டு வயது கூடி வருகிறார்கள், பழைய படத்தின் காட்சிகளே நினைவுகளாக ஓடுகின்றன. படத்தை முதலில் பார்ப்பது அவசியம்.

'சைக்கோ' (1960) படத்தை ஹிட்ச்காக் தன் டிவி தொடரின் ஆட்களை வைத்தே எடுத்தார். ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸல் அந்தத் தொடரில் வேலை செய்தவர். ஆகவே அரை மணி நேர எபிசோடுகள் நான்கைந்தைப் பார்த்துவிட்டு 'சைக்கோ'வுக்குப் போனால் அந்தச் சிக்கனமான, நேரடியான பாணி எங்கிருந்து வந்தது என்று புரியும். அதன் பிறகு, 'சைக்கோ'வின் நாயகி ஜேனட் லீ நடித்த 'ஃபர்காட்டன் லேடி' (1975) என்ற கொலம்போ. மறக்கப்பட்ட நடிகை ஒருத்தி வீட்டில் புரொஜெக்டர் போட்டுத் தன் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் பார்க்கும் படம் ஜேனட் லீ உண்மையிலேயே நடித்த 1953 படம். கொலம்போவில் எனக்கு மிகவும் மனம் கனத்த முடிவு இதில்தான். இதற்கு மேல் சொல்லக் கூடாது.

படம் ஓடும்போது வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், ஏழெட்டு நொடியில் இன்னொன்று. கறை அல்ல. ரீல் முடியப்போகிறது, அடுத்த புரொஜெக்டரை ஓட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் குறி. நம்மூர் தியேட்டர் காபினிலும் இதைப் பார்த்துத்தான் ரீல் மாற்றினார்கள். 1978-இன் 'மேக் மீ எ பெர்ஃபெக்ட் மர்டர்' எபிசோடில் ஆபரேட்டர் ஒருவர் கொலம்போவுக்கே இதை விளக்குகிறார், அதில் விஷயம் இருக்கிறது. சுத்தமாகத் துடைத்த புதிய பிரதிகளில் இந்த வட்டங்கள் பெரும்பாலும் இருக்காது.

பெரியவர்கள் கேட்கக்கூடிய சில சந்தேகங்களுக்கு முன்கூட்டியே விடை வைத்துக்கொள்ளுங்கள். பெரி மேசனில் பல நேரம் ஜூரி இல்லையே? அது முழு வழக்கு அல்ல, பூர்வாங்க விசாரணை. பிடிபட்டவனிடம் "நீ பேசாமல் இருக்க உரிமை உண்டு" என்று போலீஸ் ஏன் சொல்லவில்லை? அதைக் கட்டாயமாக்கிய மிராண்டா தீர்ப்பு 1966 ஜூனில் வந்தது, தொடர் அதற்கு முந்தைய மாதமே முடிந்துவிட்டது. படங்களில் குற்றவாளி ஏன் எப்போதும் தண்டனை பெறுகிறான்? 1934 ஜூலை முதல் கண்டிப்பாக அமலான ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் (ஹேய்ஸ் விதிகள்), குற்றம் லாபமாக முடிவதாகக் காட்ட அனுமதிக்கவில்லை. ஹிட்ச்காக் டிவியில் இதைச் சாமர்த்தியமாகத் தாண்டினார். கதையில் கொலையாளி தப்பிப்பான், பிறகு ஹிட்ச்காக் திரைக்கு முன் வந்து "அப்புறம் மாட்டிக்கொண்டான்" என்று ஒரு வரி சொல்லிவிடுவார். அவர் முன்னும் பின்னும் பேசும் பகுதிகளை வெட்டிய பிரதி வந்தால் வாங்காதீர்கள். 'த பிக் ஸ்லீப்' (1946) பார்த்துவிட்டு யார் யாரைக் கொன்றார்கள் என்று குழப்பமாக இருந்தால் கவலை வேண்டாம், அந்தப் படத்தைக் கதைக்காக யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. போகார்ட்டும் நாயகி லாரன் பக்காலும் பேசிக்கொள்வதற்காகப் பார்க்கிறார்கள்.

மாலைப் பொழுதை அமைக்க அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர் முறையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே பெரிய படத்துக்கு முன் செய்திப்படம், கார்ட்டூன், குறும்படம் ஓடும். நீங்கள் ஏழரைக்கு 25 நிமிட ஹிட்ச்காக் எபிசோட் ஒன்று போடுங்கள், 1958-இன் 'லாம்ப் டு த ஸ்லாட்டர்' நல்ல தொடக்கம். அது முடிந்ததும் சாப்பாடு. எட்டரைக்குப் படமோ கொலம்போவோ. கொலம்போவில் 75 நிமிட எபிசோடுகளையும் 95 நிமிடத்துக்கு மேற்பட்டவற்றையும் கலந்து வெளியிட்டார்கள். முதலில் குட்டையானவற்றைத் தேர்ந்தெடுங்கள், நீண்டவற்றில் சிலவற்றை நேரம் நிரப்ப இழுத்திருப்பது தெரியும். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் படம் மெல்ல இருண்டு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். விளம்பரத்துக்காக எழுத்தாளரே வைத்த இடைவெளி அது, கதை அறுபடாது.

யார் கொலையாளி என்று குடும்பமாகப் பந்தயம் கட்ட விரும்பினால் அதற்கென்றே ஒரு தொடர் இருக்கிறது: 1975-76-இல் ஒரே சீசன் வந்த 'எல்லரி குயீன்'. இதுவும் லெவின்சன்-லிங்க் ஜோடியின் கைவண்ணம். கடைசிக் கட்டத்துக்கு முன், எல்லரி குயீனாக நடிக்கும் ஜிம் ஹட்டன் கேமராவைப் பார்த்துத் திரும்பி, துப்பெல்லாம் உங்கள் முன் வைத்தாயிற்று, கண்டுபிடித்துவிட்டீர்களா என்று நம்மிடமே கேட்பார். அங்கே நிறுத்தி, ஆளுக்கொரு காகிதத்தில் பெயரையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லாத பெயருக்கு மதிப்பெண் கிடையாது. 'மர்டர் ஷீ ரோட்'டில் நிறுத்த வேண்டிய இடம், யாரோ சொல்லும் ஒரு சாதாரண வார்த்தையைக் கேட்டு ஜெசிக்காவின் முகம் சட்டென்று மாறும் கணம். பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் வரும். டிஸ்க் மெனுவில் இருக்கும் காட்சிப் படங்களையும் ஓடிடியின் கதைச்சுருக்கத்தையும் மற்றவர்கள் பார்க்கும் முன் கடந்துவிடுங்கள், அவற்றில் கொலையாளியின் முகமே இருந்துவிடுவது உண்டு.

1989-இலிருந்து 2003 வரை வேறு சேனலில் வந்த 24 கொலம்போ எபிசோடுகளை இப்போது தொட வேண்டாம். 1971-78 தொகுப்பை முடித்துவிட்டு, அந்த மனிதரை விட்டுப் பிரிய மனமில்லாதபோது அவற்றுக்குப் போங்கள்.